ரெண்டு சொட்டு மை கடன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேறெதற்கோ பதில் சொல்லப் போய், என்னிடம் 37 மைப் பேனாக்கள் இருக்கின்றன என்று வாய் தவறி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் டெல்டாவில் பாதி வீட்டு பீரோவில் பேனா ஒளிந்திருக்கிறது போல. சரி, இந்த முறை மாமியார் சண்டை, மனைப் பத்திரம் எல்லாம் அடுத்த இதழுக்கு. பேனாவும் மையும் மட்டும்.

அப்பா விட்டுப்போன பேனாக்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஹீரோ, பார்க்கர், பேரே தெரியாத கட்டைப் பேனாக்கள். சரஸ்வதி பூஜைக்கு எடுத்துச் சந்தனம் வைப்போம், மறுநாள் பீரோவுக்குப் போய்விடும். நாலு பேருக்குக் காட்ட ஆசை, கையில் கொடுக்கப் பயம். இரவல் கொடுத்தால் நிப் கெட்டுவிடும் என்று அப்பா சொல்வார். நிஜமா? (ஒரு வாசகி, மன்னார்குடி)

அம்மா, முதலில் அந்தச் சந்தனத்தைத் துடையுங்கள். பொட்டு வைப்பது தப்பில்லை. ஆனால் அது மூடி திருகுகிற மரைக்குள் போய்க் காய்ந்தால் அடுத்த பூஜைக்கு மூடி கழலாது, கொறடு போட்டுத் திருகி உடைத்த ஆட்களை எனக்குத் தெரியும் (ஒருவர் நான்).

அப்பா சொன்னதில் பாதி உண்மை. நிப் முனையில் கடுகை நாலாக உடைத்த மாதிரி ஒரு குண்டு ஒட்டியிருக்கும். அதை இரிடியம் என்பார்கள். இப்போது வருகிற நிப்புகளில் பெரும்பாலும் இரிடியம் கிடையாது, அதே ஜாதியைச் சேர்ந்த வேறு உலோகங்களின் கலவைதான், ஆனாலும் ரொம்பக் கெட்டி. எழுதி எழுதி ஒரு கைக்கு வாகாகத் தேய வருஷங்கள் ஆகும், ஐந்து நிமிஷ இரவலில் ஒன்றும் ஆகாது. ஆபத்து தேய்மானத்தில் இல்லை, அமுக்குவதில் இருக்கிறது. பால்பாயிண்ட் பழகிய கை மூன்று பிரதிக்கு கார்பன் வைத்த மாதிரி அழுத்தும், நிப்பின் இரண்டு காலும் அகன்றுவிடும், அப்புறம் மை இறங்காது. அதனால் கொடுக்கும்போது, "பேனா வெயிட்டே போதும், நீங்க அமுக்க வேணாம்" என்று சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, மூடியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூடியில்லாத பேனாவை யாரும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போக மாட்டார்கள். தபாலாபீஸ் கவுன்டரிலும் பேங்கிலும் பேனாவைப் பறிகொடுத்தவர்கள் கண்டுபிடித்த வித்தை இது.

காட்டுவதற்கு முன்னால் அவற்றை எழுத வைக்க வேண்டும். நிப்பை ஒரு ராத்திரி சாதாரணத் தண்ணீரில் ஊற வையுங்கள், உள்ளே உறைந்த மை காலையில் நீல நூலாகப் பிரிந்து இறங்கும், பார்க்கவே அழகாக இருக்கும். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் சிலதை அது கரைத்துவிடும். கட்டைப் பேனாவின் உடம்பு எபோனைட்டாக இருக்கலாம், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர். உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து மோந்து பாருங்கள், பழைய சைக்கிள் ட்யூப் வாசனை வந்தால் அதுதான். அதை முழுசாகத் தண்ணீரில் போடாதீர்கள், வெயிலிலும் காய வைக்காதீர்கள், கறுப்பு வெளுத்துச் சாணிப் பச்சையாகிவிடும். உள்ளே மை உறிஞ்சுகிற ரப்பர் குழாய் இருக்கிற பேனா என்றால், இத்தனை வருஷத்தில் அது அப்பளமாகியிருக்கும், மாற்றத்தான் வேண்டும். பூட்டி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம், ஆனால் ரப்பர் நமக்காகக் காத்திருப்பதில்லை.

காட்டுகிற விஷயம். குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் திண்ணையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர், ஒரு நர்ஸ், காலேஜ் பையன்கள் இரண்டு பேர், உரக்கடைக்காரர், நான். ஆளுக்கு இரண்டு பேனா, ஒரு பாட்டில் மை, அதற்கு மேல் கொண்டுவரக் கூடாது என்று வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் அது கண்காட்சியாகிவிடும், யாரும் எழுத மாட்டார்கள். உரக்கடைக்காரர் பில்லுக்கு வேறு வழியில்லாமல் பால்பாயிண்ட் வைத்திருக்கிறார், பற்று வரவு நோட்டு மட்டும் மைப் பேனாவில். கடன் எழுதுவது நீலத்தில், வசூலானால் பச்சை மையில் ஒரு கோடு. குறுவை அறுப்பு முடிந்து அவர் வருகிற ஞாயிறு அந்தப் பச்சை பாட்டில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்போம்.

மையை எப்படிப் பங்கு போடுவது? பேனாவை நேராக அடுத்தவர் பாட்டிலில் முக்கலாமா? (கூத்தாநல்லூர் வாசகர்)

முக்காதீர்கள். உங்கள் பேனாவில் போன வார மிச்சம் இருக்கும், அது அவர் பாட்டிலில் கலக்கும். நிறம் மாறுவது சின்ன விஷயம், சில மைகள் அமிலம், சில காரம், இரண்டும் சேர்ந்தால் அடியில் வண்டல் கட்டும், அது நிப்புக்கு அடியில் பள்ளம் வெட்டின கட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்கள் வீட்டில் உப்பு ஜாடியே அழுகிறது, மை என்ன பாடுபடும். ஒரு கார்த்திகையில் என் மெரூன் பாட்டிலைத் திறந்தால் மேலே சிலந்தி வலை மாதிரி வெள்ளையாக ஒன்று மிதந்தது. வடிகட்டினால் போதும் என்று வடிகட்டி உபயோகித்தேன், மூன்று பேனாவுக்குத் தொற்றியது. அப்படிக் கண்டால் பாட்டிலோடு குப்பைக்கு அனுப்புங்கள், மனசு கேட்காது, ஆனாலும் அனுப்புங்கள்.

மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள், மூடி இறுக்கமான சின்ன பாட்டில்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஆளுக்கு 2 மில்லி. ஒரு பேனா இரண்டு தடவை நிரம்பும், பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது தாராளம். பேரும் தேதியும் அப்போதே ஒட்டிவிடுங்கள், பாட்டிலில் பார்த்தால் ஊதா, கருநீலம், கரும்பச்சை எல்லாம் ஒரே கறுப்பு. மிச்சத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் இத்தனை சாஸ்திரம் பார்த்தோமா? பெஞ்சில் இரண்டு சொட்டு விடுவான், நிப்பால் உறிஞ்சிக்கொள்வோம், மிச்சத்தைச் சாக்பீஸ் குடிக்கும், கையில் ஒட்டினதைத் தலையில் தடவிக்கொள்வோம். அப்போது பேனாவுக்கு என்ன தொற்றியதோ, பரீட்சை எழுதிவிட்டோம்.

2018இல் கஜா புயலில் கூரை போய், தாத்தாவின் கணக்கு நோட்டுகள் நனைந்தன. சில பக்கம் அப்படியே இருக்கிறது, சில பக்கம் வெறும் நீலக் கறை. ஒரே ஆள் எழுதியதுதானே, ஏன் இப்படி? (வேதாரண்யம் பக்கத்து வாசகர்)

மை வேறாக இருந்திருக்கும். பள்ளிக்கூட ராயல் ப்ளூ வெறும் சாயம், தண்ணீரில் கரைந்தது தண்ணீரிலேயே போகும். துணியில் பட்டால் துவைத்தால் போகட்டும் என்றே அதை அப்படிச் செய்கிறார்கள். நின்ற பக்கங்கள் பழைய ப்ளூ பிளாக்காக இருக்கலாம். அந்த வகையில் இரும்பு உப்பும், காய்களிலிருந்து எடுக்கிற துவர்ப்பும் இருக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுத்துக் காகித நாரோடு பிடித்துக்கொள்ளும், அப்புறம் நனைந்தாலும் சாயம்தான் போகும், எழுத்து நிற்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தோல் வாங்கி இடித்துக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறினதும் ஒரு சிட்டிகை அன்னபேதி (நான் சொன்ன இரும்பு உப்பு அதுதான்) போடுங்கள். தேநீர் நிறத்தில் இருந்தது கண் முன்னால் கறுத்துப்போகும். அந்தக் கஷாயத்தைத் தொட்டு எழுதுகிற கட்டை நிப்பில் எழுதிப் பாருங்கள், நல்ல பேனாவில் ஊற்றிவிட்டு என்னைத் திட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும். இப்போது வருகிற ப்ளூ பிளாக் எல்லாம் இந்த ரகம் இல்லை, பலது பேரில் மட்டும்தான் ப்ளூ பிளாக்.

கரைந்த பக்கங்களை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றால் வெயிலில் போடாதீர்கள், பேனாவை வைத்து மேலே எழுதிச் சரிசெய்யவும் வேண்டாம். போட்டோ எடுத்து, செல்போனிலேயே நிறத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கோடு சில சமயம் அதில் தெரியும்.

எனக்கு நடந்தது கொஞ்சம் வேடிக்கை. தங்கை கல்யாணப் பத்திரிகை உறைகளில் முகவரியை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து, 150 உறை, அழகான ராயல் ப்ளூ. அம்மா பின்னாலேயே வந்து மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவிக்கொண்டே போனார், ஈர விரல் முகவரியிலும் பட்டது. பாதிப் பத்திரிகை யாருக்கென்று தபால்காரருக்கே தெரியவில்லை, கட்டாகத் திண்ணையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை சொந்தத்தில் இரண்டு வீட்டார் பேசுவதில்லை.

பிளஸ் டூ படிக்கிறேன். பரீட்சைக்கு டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) மையில் எழுதலாமா? கூத்தனூரில் பேனாவை வைத்துப் பூஜை பண்ணிவிட்டேன். (மாணவி, கும்பகோணம்)

கூத்தனூர் சரஸ்வதி ஒப்புக்கொண்டாலும் வினாத்தாளில் நீலம் அல்லது கறுப்பு மை என்றுதான் அச்சடித்திருக்கும், கண்ணு. டர்க்காய்ஸ் லீவில் எழுதிக்கொள். புதுப் பேனாவை அன்றைக்குத்தான் முதன்முதலில் திறக்கிற வேலையும் வேண்டாம், ஒரு மாதம் முன்னாலிருந்தே அதிலேயே எழுதிப் பழகு.

கையால் செய்த கட்டைப் பேனா ஆசையாக வாங்கினேன். மை பாதிக்குக் கீழே போனதும் கக்குகிறது, இரண்டு வெள்ளைச் சட்டை போய்விட்டது. செய்தவர் ஏமாற்றிவிட்டாரா? (திருவையாறு வாசகர்)

இல்லை சார், உங்கள் கைச்சூடு. அந்தப் பேனாவில் குழாய் கிடையாது, உடம்பே மைக்கூடு. மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும், கை வைத்ததும் காற்று சூடாகி விரியும், விரிகிற காற்று மையைத் தள்ளும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள், கழுத்து மரையில் சிலிக்கோன் கிரீஸ் துளி தடவுங்கள், சட்டைப்பையில் நிப் மேலே பார்த்து நிற்கட்டும். பைக்கில் போகும்போது பையில் வைக்காதீர்கள், ஒரு குலுக்கல் போதும்.

கடைசல் போட்டுக் கையால் பேனா செய்கிறவர்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள் என்பதே பெரிய விஷயம். ஆந்திராவில், கோதாவரிக் கரை ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1932இல் சுதேசி வேகத்தில் பிறந்தது, காந்தியே அதில் எழுதிப் பார்த்துப் பாராட்டிக் கடிதம் போட்டார். இந்தப் பக்கம் திருவள்ளூரில் இன்றைக்கும் எபோனைட் பேனா கடைகிறார்கள். கோதாவரிக்காரர்கள் பேனாவில் பேர் வாங்கிவிட்டார்களே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. அப்புறம் நினைத்துக்கொள்வேன், நமக்குக் காகிதம் இருக்கிறது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். நான் வாங்கின சக்கைக் காகித நோட்டுகளில் மை பரவாமல் நின்றது, விலை உயர்ந்த நோட்டுகள் சிலதில் பின்பக்கம் ஊறியது. வாங்குவதற்கு முன் கடைசிப் பக்கத்தில் ஒரு "ஃ" எழுதிப் பாருங்கள், மூன்று புள்ளியும் தனித்தனியாக நின்றால் வாங்கலாம். கடைக்காரர் முறைப்பார்.

பேனா கழுவ எந்தத் தண்ணீர்? (காரைக்கால் வாசகர்)

உங்கள் ஊரில் போரிங் தண்ணீர் உப்புக் கரித்தால் அது வேண்டாம், காய்ந்த பிறகு வெள்ளையாக உப்பு நிற்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர், இல்லையென்றால் மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர்.

நீங்கள் போன இதழில் சொன்ன அந்தக் கரும்பச்சை மை, நடவு முடிந்து ஒரு மாதமான வயல் நிறம் என்று எழுதியிருந்தீர்களே, அதில் இரண்டு மில்லி தருவீர்களா, இல்லை எழுதுவதோடு சரியா? (வலங்கைமான் வாசகி)

மாட்டிக்கொண்டேன். தருகிறேன். தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள், வழியில் உடைந்தால் மற்றவர் கடிதமெல்லாம் நடவு வயலாகிவிடும். முகவரி பத்திரிகை ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள், காலி பாட்டில் நீங்களே கொண்டுவர வேண்டும். நன்றாகக் கழுவிக் கவிழ்த்துக் காய வைத்தது, காரைக்கால்காரருக்குச் சொன்ன தண்ணீரில். பதிலுக்கு உங்களிடம் என்ன மை இருக்கிறதோ அதில் இரண்டு மில்லி.