சுற்றுச்சூழல் பேப்பர்: கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக இளங்கலை முதலாண்டுக்கு இந்தப் பாடம் எடுக்கிறேன். கேளுங்கள்.

கே: பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு? (மதுரை)

ப: எல்லா மாணவருக்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோபம் இருந்தால் அங்கே காட்டுங்கள்.

கே: யூனிட் வாரியாக பிடிஎஃப் கிடைக்குமா?

ப: என்னிடம் இல்லை.

கே: களப்பணிக்கு நொய்யல் ஆற்றைக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது வீட்டில் வருமானமே இல்லை. நான் என்ன எழுத? (திருப்பூர்)

ப: அதையே எழுதுங்கள், தம்பி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த பாடத்திட்டத்தில் களப்பணிக்கு 100-க்கு 25 மதிப்பெண். இணையத்தில் சுட்ட 'மாசின் வகைகள்' பத்திக்கு அது கிடையாது. அப்பாவிடம் கேளுங்கள்: ஒரு தொட்டிக்கு எத்தனை மூட்டை உப்பு? பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும்; ஏறியபின் உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு போய்விடும். எல்லோரும் ஆற்றின் நிறத்தைப் படமெடுக்கிறார்கள். கிணற்றைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. அப்புறம் ஒரத்துப்பாளையம் போங்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. பக்கத்துக் கிணற்றில் ஒரு குடம் இறைத்து டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) முக்கிப் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் வரம்பு. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை.

கே: பட்டறை வீட்டு அடுப்பை எழுதினால் அந்த உப்புத் தண்ணீர் பாய்ந்த எங்கள் தென்னையை யார் எழுதுவது? (காங்கேயம்)

ப: நீங்கள்தான். இருவரும் ஒரே குழுவில் சேருங்கள்.

கே: இப்போது பட்டறைகளில் சாயக்கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை சார், சுத்திகரித்துத் திரும்ப எடுக்கிறோம். (திருப்பூர்)

கே: முப்பது வருட உப்பு மண்ணிலிருந்து போய்விட்டதா? (காங்கேயம்)

ப: இரண்டுமே நியாயமான பேச்சு. சுத்திகரித்தபின் மிஞ்சும் கலப்பு உப்பை எங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று இருவருமாகப் போய்ப் பாருங்கள். அதை எழுதிய மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கே: களப்பணிக்குப் பாலாறு எடுக்கலாமா? (வாணியம்பாடி)

ப: தாராளமாக. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முதலில் படியுங்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை அதில் பார்க்கலாம். இணையத்தில் சுடாதீர்கள்.

கே: பொறியியலில் 'தமிழர் மரபு' பாடத்துக்கும் களப்பணி உண்டா?

ப: அது வேறு பாடம். உங்கள் துறையில் கேளுங்கள்.

கே: சார், யூனிட் 5 மட்டும் பிடிஎஃப்?

ப: மேலே பாருங்கள்.

கே: முக்கியக் கேள்விகளாவது?

ப: சரி, ஒன்று. உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது? கூடவே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.