பிளீக்லோ மேட்டில் நடப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கே: இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் பிளீக்லோ 633 மீட்டர்தான். அதற்குத் திசைகாட்டி எல்லாம் வேண்டுமா அண்ணா?

ப: கட்டாயம் வேண்டும். உச்சி தட்டையானது, மேகம் இறங்கிவிட்டால் அடையாளம் சொல்ல ஒன்றும் இருக்காது. மேலே முழுக்க பீட், அதாவது செடிகொடி மக்கிச் சேர்ந்த கரிய மண். மழைநீர் அதை அறுத்து ஆளுயரப் பள்ளங்களாக்கியிருக்கிறது. உள்ளூரில் 'கிரஃப்' என்பார்கள். பள்ளத்துக்குள் இறங்கியதும் கரிய சுவரைத் தவிர எதுவும் தெரியாது. கால் சுலபமான பக்கமே போகும், பள்ளம் வளைய வளைய நீங்களும் திசை மாறியிருப்பீர்கள். அதனால் இறங்குமுன் திசைகாட்டிக் கோட்டில் எதிர்க்கரையிலுள்ள ஒரு கல்லையோ புதரையோ குறித்துக்கொள்ளுங்கள். ஏறியதும் அதனிடம் போய் நின்று, மறுபடி திசை பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு பள்ளத்தைக்கூட விடாதீர்கள்.

கே: ஸ்னேக் பாஸ் சாலையிலிருந்து உச்சிக்கு எவ்வளவு நேரம்?

ப: பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் சுமார் 4 கி.மீ., ஏற்றம் 120 மீட்டர் போல. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த நடைநேரக் கணக்கு: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். அதன்படி ஒரு மணி நேரம். பாதையை விட்டு ஹெதர் என்ற குட்டைப் புதர்ச்செடிக்குள் நடந்தால் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஹெதரில் ஏன் அவ்வளவு தாமதம்?

ப: அதன் தண்டு கட்டை போல இருக்கும், பூட்ஸைப் பிடித்து இழுக்கும். அடியிலுள்ள குழியையும் மறைக்கும், கணுக்கால் பிசகுவது அங்கேதான். முழங்காலை உயர்த்தி, பாதத்தை நேராகக் கீழே வையுங்கள். ஆட்டுத்தடம் கிடைத்தால் அதில் போங்கள். ஹெதர் இருக்கும் இடம் ஓரளவு உலர்ந்தது. வெள்ளைப் பஞ்சு ஆடும் புல் ஈரத்துக்கு அடையாளம். பளிச்சென்ற பச்சைப் பாசி தெரிந்தால் சுற்றிப் போங்கள்.

கே: ஹெதர் பூக்கும் மாதம்?

ப: ஆகஸ்ட். 12ஆம் தேதி குரௌஸ் பறவை வேட்டையும் தொடங்கும். பொதுமக்கள் நடக்க அனுமதியுள்ள திறந்த நிலத்தைச் சில நாள் மூடலாம். பென்னைன் வே திறந்தே இருக்கும்.

கே: விமானச் சிதைவைப் பார்க்கப் போகலாமா?

ப: போகலாம். 1948 நவம்பர் 3 அன்று மேகத்துக்குள் இறங்கி மோதிய அமெரிக்க பி-29 ராணுவ விமானம் அது; இருந்த 13 பேரும் இறந்தார்கள். ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் என்ற பாறை முகட்டின் அருகே கிடக்கிறது. ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள், அது அவர்கள் உயிர்விட்ட இடம். பாதையை விட்டு விலகும் இடத்திலேயே போகும் திசைக்கோணத்தை (திசைகாட்டி காட்டும் பாகை) எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும்போது 180 பாகை கூட்டினால் போதும்; 360ஐத் தாண்டினால் 360ஐக் கழியுங்கள்.

கே: அடிபட்டால்?

ப: அவசர உதவி எண் 999ஐ அழைத்து முதலில் போலீஸையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்தின் கட்ட எண்ணைச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மீண்டும் ஆறு. பதில் மூன்று விசிலாக வரும். பதில் வந்த பிறகும் நிறுத்தாதீர்கள். மூடுபனியில் உங்களிடம் வந்துசேர அவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி.