சாக்ஸ்டன் சமன்பாடுகளைப் பினாங்கு மண்ணுக்குப் பயன்படுத்தலாமா?

பினாங்கின் பாலிக் பூலாவ் சரிவிலுள்ள டுரியான் தோட்டத்துக்கு, மண் பரிசோதனை அறிக்கையை மட்டும் வைத்துப் பாசனக் கணக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் களியைக் கவனியுங்கள்.

மண் பிடித்து வைக்கும் நீரை ஆய்வகத்தில் அளக்க அழுத்தத் தட்டு (மண்ணிலுள்ள நீரை அழுத்தி வெளியேற்றும் கருவி) வேண்டும், நாளும் பிடிக்கும். அமெரிக்க வேளாண் துறையின் கீத் சாக்ஸ்டன் 1986-இல் சகாக்களோடும், 2006-இல் வால்டர் ராவல்ஸோடும் வெளியிட்ட சமன்பாடுகள் அதற்குக் குறுக்குவழி. 2006 சமன்பாடுகளுக்கு மணல், களி, அங்ககப் பொருள் ஆகிய மூன்றின் அளவும் போதும். 33 கிலோபாஸ்கல் உறிஞ்சு அழுத்தத்தில் வயல் கொள்திறனும் (உபரி நீர் வடிந்தபின் மண்ணில் நிற்கும் நீர்), 1500-இல் வாடல் நிலையும் (அதற்குக் கீழே பயிரால் நீரை உறிஞ்ச முடியாது) கிடைக்கும்.

மணல் 40, களி 20, அங்ககப் பொருள் 2.5 சதவீதம் என்றால் கொள்திறன் சுமார் 28, வாடல் நிலை 14. வித்தியாசம் மண்ணின் கன அளவில் 14 சதவீதம். அதாவது 30 செ.மீ. வேர் ஆழத்தில் 42 மி.மீ. நீர்.

பலர் சறுக்குவது அலகில்தான். மணலையும் களியையும் 0.40, 0.20 என்று தசமத்தில் கொடுக்க வேண்டும். அங்ககப் பொருளை மட்டும் 2.5 என்று சதவீதத்தில். அறிக்கையில் அங்ககக் கரிமம் என்றிருந்தால் முதலில் 1.724-ஆல் பெருக்குங்கள்.

2006 சமன்பாடுகள் களி 60, அங்ககப் பொருள் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மாதிரிகளை விலக்கியவை. சிலாங்கூர் கரி மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். தவிர, அவை அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவை. நம்மூர்ச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களியைக் குருணையாகக் கட்டிவிடும். அறிக்கையில் களி, தண்ணீருக்கு மணல் மாதிரி! பயிருக்குக் கிடைக்கும் நீரைச் சமன்பாடு கூட்டிக் காட்டக்கூடும். நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து உருளைக் குழாயில் மண் எடுத்து, 105 பாகையில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்த்துக் கொள்திறனைச் சரிபாருங்கள்.