நகல் யாருக்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஓர் அந்நிய நாடு நம்மைக் குறிவைக்கும்போது உளவுத்துறை ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம், மாநிலக் காவல்துறை ஒரு பக்கம் என்று ஏன் சிதறிக் கிடக்கிறோம்? இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா 22 அமைப்புகளை ஒரே துறையாக்கியது. நாமும் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து ஓர் இரும்புக்கரத்திடம் ஒப்படைத்தால் என்ன? 2012-இல் தேசிய பயங்கரவாதத் தடுப்பு மையத்தை முதலமைச்சர்கள் எதிர்த்தது சரியா? நம் மக்களுக்கும் தேசப் பாதுகாப்பு பற்றிய உணர்வே இல்லை என்பது என் வருத்தம். படிக்க வேண்டிய புத்தகங்களையும் சொல்லுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உனக்குப் பதில் எழுதும் எண்ணம் முதலில் இல்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் சரக்கு கிடையாது. ஆனால் போன வாரம் பரணை ஒழித்தபோது என் பழைய டயரி ஒன்று சிக்கியது. அதில் ஒரு பக்கத்தில் வேறொன்றும் இல்லாமல், அரசு அலுவலகத்தில் கடிதங்களைப் பதிந்து போடுகிற ந.க. எண் ஒரே ஒன்று, அடியில் இரண்டு கோடு. நாலு நாளாக அந்த எண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். ‘நம் மக்களுக்கு உணர்வே இல்லை’ என்று எழுதியிருக்கிறாயே, எந்தப் பயிற்சி மையத்தின் நோட்ஸிலிருந்து எடுத்தாய்? 1999 மே மாதத் தொடக்கத்தில், கார்கில் பக்கம் படாலிக் மலையில் ஊடுருவியவர்களைக் கண்டு சொன்னவர் யார்? காணாமல்போன தன் யாக்கைத் தேடிப் போன ஒரு மேய்ப்பர். கையிலிருந்த தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார். எதிர்ச் சரிவில் ஆட்கள் பதுங்குகுழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வந்து ராணுவத்திடம் சொன்னார். 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் அந்தப் பத்துப் பேர் ரப்பர் படகில் வந்து இறங்கியது ஒரு மீனவர் குடியிருப்பின் கரையில். யாருப்பா நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்களை நிறுத்திக் கேட்டதும் அங்கிருந்த மீனவர்கள்தான். அப்படிக் கேட்டதற்கு அவர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. இவர்களா உணர்வு இல்லாதவர்கள்? அந்த வரியை அடித்துவிடு. இன்னொரு தடவை எழுதினால் உன் மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டேன்.

சரி. நீ உண்மையிலேயே வருந்த வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன்.

கார்கில் போர் முடிந்த கையோடு அரசு ஓர் ஆய்வுக்குழு போட்டது. தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அந்த அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு பத்தி உண்டு. போருக்கு ஏறத்தாழ ஒரு வருடம் முன்னால், 1998 ஜூன் 2 தேதியிட்டு, உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் இயக்குநர் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கிற நடமாட்டங்களைப் பற்றியது. யார் யாருக்குப் போனது? பிரதமர், உள்துறை அமைச்சர், கேபினட் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர். ஐந்தும் பெரிய மேசைகள். யாருக்குப் போகவில்லை? வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் ‘ரா’வின் செயலருக்குப் போகவில்லை. வருகிற எல்லாத் தகவலையும் சேர்த்து வைத்து எடைபோடும் கூட்டு உளவுக் குழுவின் தலைவருக்குப் போகவில்லை. ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநருக்கும் போகவில்லை. அந்த நூலைப் பிடித்து மேற்கொண்டு தோண்டக்கூடிய ஆட்கள் இந்த மூன்று பேர்தான். மேலே போன தகவல் படிப்படியாக இறங்கி அவர்களையும் வந்து சேர்ந்துவிடும் என்று ஐ.பி. எதிர்பார்த்ததாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அப்புறம் வயிற்றைப் பிசைந்தது. அரசு அலுவலகத்தில் கிளார்க்காகத் தபால் மேசையில் உட்கார்ந்தவளுக்கு ஒன்று தெரியும். கடிதத்தின் உயிர் ‘பெறுநர்’ என்ற இடத்தில் இல்லை. கீழே, ‘நகல்’ என்று ஆரம்பிக்கும் வரிகளில் இருக்கிறது. பெறுநர் பெரிய மனிதர். பார்ப்பார், சுருக்கொப்பம் வைப்பார், ஃபைல் நகர்ந்துவிடும். எழுந்து போய் வேலை பார்க்கிறவர் நகல் கிடைத்தவர். அந்த நகலில் யாரைப் போடுவது என்று நாங்கள் போடுகிற கணக்கு இருக்கிறதே, அது தனி சாஸ்திரம். அவருக்கு அனுப்பினால் இவருக்குக் கோபம் வரும். இந்த அலுவலகத்துக்குப் போனால் அவர்கள் முந்திக்கொண்டு மேலே சொல்லிப் பேர் வாங்கிவிடுவார்கள். நேராகக் கீழே இருப்பவருக்கு அனுப்பினால் ‘ப்ராப்பர் சேனல்’ கெட்டுப்போகும். கடைசியில் யாருக்கும் வருத்தம் வராத ஒரு பட்டியல் தேறும். அதில் வேலை தெரிந்தவர் இருக்கமாட்டார். 527 வீரர்களைப் பலிகொடுத்த போரின் ஆய்வறிக்கையில் ஒரு நகல் பட்டியல் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வேறு யார் வியந்தாலும் எந்த ஊர் கிளார்க்கும் வியக்கமாட்டார்.

நீ சொல்கிற அமெரிக்காவின் கதையும் இதே கதைதான். 2000 தொடக்கத்திலேயே சி.ஐ.ஏ.வின் கண்ணில் பட்டிருந்த இரண்டு பேரைப் பற்றிய தகவல் எஃப்.பி.ஐ.க்கு வேளையோடு போய்ச் சேரவில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட விமானம் ஒன்றில் அந்த இருவரும் இருந்தார்கள்.

டயரியில் இருந்த எண்ணுக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கடலோர ஊர் ஒன்றில் ஓர் அரசு அலுவலகம். ஊர்ப் பெயரும் வேண்டாம், அலுவலகப் பெயரும் வேண்டாம். கடற்படை பாக் நீரிணையில் ‘ஆபரேஷன் தாஷா’ என்று 1990-இல் ரோந்து தொடங்கி, கரை முழுக்கப் பதற்றமாக இருந்த காலம். எங்கள் கண்காணிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் எம்டன். (1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். போர் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியும் அன்றைக்கு நகரத்து விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. அந்தப் பயத்தைப் பட்டப்பெயராக்கி இன்றுவரை வைத்திருக்கிறோம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

ஒரு திங்கட்கிழமை. மனு வாங்கும் நாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் வந்து நின்றார். உப்புப் பூத்த லுங்கி, கையில் மனு இல்லை. மூன்று ராத்திரியாக ஒரு படகைப் பார்த்தாராம். விளக்கு இல்லை, வலையும் போடவில்லை. “இன்ஜின் சத்தம் நம்ம பக்கத்துது இல்ல தாயி. நம்மளது இருமும். இது பூனை மாதிரி உறுமுது” என்று சொல்லி, இரண்டு சத்தத்தையும் தொண்டையிலேயே எழுப்பிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. எம்டன் தலையைத் தூக்காமல், “எழுத்து மூலமா குடுக்கச் சொல்லு” என்றார். அவருக்கு எழுதத் தெரியாது. வெள்ளைத்தாளில் நானே எழுதினேன். இருமலையும் பூனையையும் விட்டுவிட்டு ‘சந்தேகத்துக்கு இடமான படகு’ என்று எழுதினேன். மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி ஒற்றினார். பதிவேட்டில் பதிந்து எண் போட்டேன்.

தாள் புறப்பட்டது. மூன்று அலுவலகங்களுக்கு, மூன்றிலும் ஒரே வாக்கியம்: ‘தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.’ முதல் அலுவலகம், சம்பவ இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று கேட்டது. கடலில்! இரண்டாவது, இது தங்கள் பொருள் அல்ல என்று மூன்றாவதற்குத் தள்ளிவிட்டது. மூன்றாவது, உண்மை நிலையை விசாரித்து அறிக்கை அனுப்பும்படி எங்களையே கேட்டது. நாலு மாதம் கழித்து, என் கையெழுத்து ஏழெட்டு சீல்களைச் சுமந்துகொண்டு என் மேசைக்கே வந்து சேர்ந்தது. எம்டன் பார்த்தார். “எல்.டிஸ். போட்டு முடி” என்றார். எல்.டிஸ். என்றால் ஒரு வருடம் வைத்திருந்து அழித்துவிடலாம். போட்டேன்.

அதற்குள் அந்தப் பெரியவர் மூன்று முறை வந்துவிட்டார். “அது என்னாச்சு தாயி?” அனுப்பியிருக்கிறது ஐயா என்பேன். நாலாவது முறை வரவில்லை. அது கடத்தல்காரர்களின் படகா, வேறு எதுவுமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இதில் சோம்பேறி என்று யாரையாவது சொல்ல முடியுமா? எல்லோரும் நாள் தவறாமல் பதில் எழுதியிருந்தார்கள்.

இப்போது சொல், உன் ஒரே குடை இங்கே என்ன செய்திருக்கும்? மூன்று அலுவலகத்தையும் ஒரே கட்டடத்தில் வைத்திருந்தால் அந்தத் தாள் பஸ்ஸில் போவதற்குப் பதில் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கும். குடை நம்மிடம் இல்லாமலும் இல்லை. எல்லா அமைப்பும் ஒன்றாக உட்கார்ந்து தகவலைப் பகிர்ந்துகொள்ளத்தான் 2001-இல் ஐ.பி.க்குள் பல்முகமை மையம் வந்தது. கடல் வழியாக வருவார்கள் என்ற எச்சரிக்கைகளும் வந்தன. 2008-உம் வந்தது. அதற்குப் பிறகு, 12 கடல் மைல் வரை மாநிலக் காவல்துறை, 200 வரை கடலோரக் காவல்படை, ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 2011 ஜூலை 31 அன்று, ஓமன் பக்கம் மாலுமிகள் கைவிட்டுப் போன ‘பவித்’ என்ற கப்பல், ஓட்ட ஆளே இல்லாமல் தானாக மிதந்து வந்து மும்பை ஜூஹு கடற்கரையில் தரைதட்டி நின்றது. மூன்று அடுக்கையும் தாண்டி ஒரு முழுக் கப்பல்!

கூடங்குளத்தைப் பார். ஒரே நிறுவனம், ஒரே குடை. 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தது: இணையத் தாக்குதல் என்று பரவுவது பொய்த் தகவல், நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது அப்படியொரு தாக்குதல் நடக்கவே வாய்ப்பில்லை. மறுநாளே அந்த நிறுவனத்தின் தலைமையகம், கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மைதான் என்றது. நிர்வாக வேலைக்கான பிணையத்தில் இருந்த கணினி, உலையை இயக்கும் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் இதைத் தெரிவித்தது செப்டம்பர் 4-ஆம் தேதியாம். ஏறத்தாழ எட்டு வாரம். மறுப்பு எழுதியவரின் மேசைக்கு நகல் போகவில்லையா, போயும் எல்.டிஸ். ஆகிவிட்டதா?

இரும்புக்கரம் என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எம்டன் ஞாபகம்தான் வருகிறது. அவருக்கும் கை பலம்தான். சீல் குத்தினால் மேசை அதிரும்.

மீதியை வேகமாக முடித்துவிடுகிறேன். பயங்கரவாதத் தடுப்பு மையத்தை முதலமைச்சர்கள் எதிர்த்தது பாதி சரி. ஐ.பி.க்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் அமைப்புக்குக் கைது செய்யும் அதிகாரத்தைக் கொடுத்தால் எந்த மாநிலமும் ஏன் என்று கேட்கத்தான் கேட்கும். மீதிப் பாதி அரசியல், விடு. புத்தகம்? கார்கில் அறிக்கையைப் படி. பாதுகாப்புக் காரணம் சொல்லிச் சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். இருப்பதே உனக்குப் போதும். தேர்வில் ‘ஒருங்கிணைப்பு’ என்று கேட்டால் நீ எழுதுகிற மாதிரியே அமைப்புகளின் பெயரை வரிசையாக எழுது, மதிப்பெண் போடுவார்கள். என்னைப் போல் எழுதி வைக்காதே. அப்புறம், தூங்கு. கண் கெட்டால் வேலை கிடைத்தும் பிரயோஜனமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் பாடப் புத்தகத்து வரைபடங்களைப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் போட்டு, அம்புக்குறி எல்லாம் கீழேயிருந்து மேலே போகிறது. சில குறுக்காகவும் போகின்றன. தகவல் சொன்னவரை நோக்கித் திரும்பி வருகிற அம்பு ஒன்றாவது உண்டா? கடலில் எதையாவது பார்த்தால் கூப்பிட இன்றைக்கு 1093 இருக்கிறது, கடலோரக் காவல்படைக்கு 1554 இருக்கிறது. நல்ல காரியம். கூப்பிட்டுச் சொன்ன ஆளை மறுநாள் யாராவது திரும்பக் கூப்பிட்டு, ‘ஐயா, நீங்கள் பார்த்தது இன்ன படகு’ என்று சொல்வது எந்தக் கட்டத்தின் வேலை?

எல்.டிஸ். போட்டு ஒரு வருடம் இருக்கும். பேருந்து நிலையத்தில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். “வேலை பெர்மனன்ட் ஆயிருச்சா தாயி?” என்று விசாரித்தார். ஆகிவிட்டது என்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல், அந்தப் படகு இப்போதும் வருகிறதா ஐயா என்று கேட்டேன்.

சிரித்தார். “இப்ப ரெண்டு வருது.”

சொல்ல வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவருடைய பஸ் வந்துவிட்டது. அன்று ராத்திரிதான் அந்த எண்ணை டயரியில் எழுதி, அடியில் கோடு போட்டேன்.

அன்புடன்,
அக்கா