மரத்தவளை பத்து நாளாகச் சாப்பிடவில்லை. என்ன நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வளர்ந்த ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, பத்து நாளாக ஒரு பூச்சியைக்கூடத் தின்னவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே இனத் தவளை ஒன்றை டொராண்டோவில் ஆறு வருடமாக வளர்க்கிறேன். உங்கள் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. முதலில் பார்க்க வேண்டியது, அதற்குப் பசியே இல்லையா, பசி இருந்தும் பிடிக்க முடியவில்லையா என்பதுதான்.

இன்று இரவு அறை விளக்கை மங்கலாக்கி, ஒரே ஒரு சுவர்க்கோழியை அதன் முன்னால் விட்டுவிட்டு, அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். என் தவளையும் தின்ன மறுக்கிறது என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். உட்கார்ந்து பார்த்த இரவில்தான் விஷயம் தெரிந்தது. பூச்சி அசைந்ததும் தவளை தலையைத் திருப்பியது, பாய்ந்தது, நாக்கு சரியாகப் பூச்சியின் முதுகில் பட்டது. ஆனால் ஒட்டவில்லை. பூச்சி பாட்டுக்கு நடந்து போய்விட்டது. தவளையோ வாயை மூடி இரண்டு கண்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. கண் உருண்டைகளை உள்ளே அழுத்தித்தான் தவளை இரையைத் தொண்டைக்குள் தள்ளும். வெறும் வாயை அது விழுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அது வைட்டமின் ஏ குறைபாடு. நாக்கில் பசைபோன்ற சளியைச் சுரக்கும் செல்கள் குறைந்து, நாக்கு ஒட்டும் தன்மையை இழந்துவிடும். கடையில் வாங்கும் சுவர்க்கோழிகளில் இந்த வைட்டமின் மிகக் குறைவு. பூச்சிகள்மேல் நான் தூவிய சத்துப் பொடியில் பீட்டா கரோட்டின் மட்டுமே இருந்தது. எல்லாத் தவளைகளாலும் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ள முடிவதில்லை. மருத்துவர் எடை பார்த்து மருந்து கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு மிஞ்சினால் அதுவே விஷம். கீழ்த்தாடை மெத்தென்று வளைந்தாலோ, விரல்கள் துடித்தாலோ கால்சியம் குறைபாடாக இருக்கலாம்.

சரி, பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால்? அது உட்காரும் கிளையிலேயே வெப்பமானியை வையுங்கள். பகலில் 24 முதல் 28 டிகிரி வேண்டும். ஒரு ஜனவரியில் ஜன்னலோரம் வைத்திருந்த என் தொட்டியில் 18தான் இருந்தது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகிவிடும், தவளை தின்னாது. அப்புறம் தண்ணீர். தவளை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லச் சேர்த்திருப்பது குளோரமின். குளோரினைப்போல ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடாது. மீன் தொட்டித் தண்ணீரில் குளோரமினை நீக்க விற்கும் திரவத்தைக் கலந்தே ஊற்ற வேண்டும்.

தொட்டியின் அடியில் மண், தேங்காய்நார்த் தூள், கூழாங்கல் எது இருந்தாலும் எடுத்துவிட்டு, ஈரமான வெள்ளைக் காகிதத்தை விரியுங்கள். மலம் வருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். வயிறு உப்பி மலமே வராமல் இருந்தால், இரையோடு விழுங்கிய கல்லோ மண்ணோ குடலை அடைத்திருக்கலாம். மலம் வந்தால் சின்ன டப்பாவில் ஈரத்தோடு எடுத்து வையுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பார்.

கையை நன்றாகக் கழுவி, சோப்பு வாசனை போனபிறகு, ஈரக்கையோடு அதை மெதுவாக மல்லாக்கத் திருப்பிப் பாருங்கள். நல்ல தவளை உடனே புரண்டுவிடும். புரள முடியாமல் கிடந்தாலோ, தொடையிலும் அடிவயிற்றிலும் சிவப்பு படர்ந்திருந்தாலோ, தோல் ஓயாமல் உரிந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். சிவப்பு, ரத்தத்தில் பாக்டீரியா பரவியதன் அடையாளமாக இருக்கலாம். தோல் உரிவது கைட்ரிட் பூஞ்சையாக இருக்கலாம். அது தோல் வழியாக உப்புச்சத்து உடலுக்குள் போவதைக் கெடுத்து, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும். தோலைப் பஞ்சால் துடைத்து எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போய் நான் நான்கு நாளை இழந்தேன். தவளை பார்ப்பீர்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

வாயைத் திறந்து ஊட்டாதீர்கள், தாடை உடைந்துவிடலாம். சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து இன்றைய எடையைக் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் கழித்து மறுபடியும். அந்த இரண்டு எண்ணையும் தொட்டியின் வெப்பத்தையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.