ஃபில்டர் போட்டால் படத்தில் பெருக்கல் குறி விழுகிறதே!

கேள்வி: பொழுதுபோக்காகப் படம் எடுப்பவன் நான். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. அருவித் தண்ணீர் பஞ்சு மாதிரி இறங்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும், ‘என்.டி. 2 முதல் 400 வரை’ என்று அட்டையில் போட்டிருந்த, திருகினால் இருட்டு கூடும் ஃபில்டரை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்தருவியில் 18 மி.மீ.யில் எடுத்தால் நடுவே கறுப்பாகப் பெருக்கல் குறி விழுகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பணம் போனது போனதுதானா? அடுத்து என்ன வாங்கலாம்?
(தென்காசி வாசகர்)

பதில்: அந்தப் பெருக்கல் குறி உங்கள் ஃபில்டருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. உள்ளே, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் கண்ணாடிகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று சுழல்கின்றன. கடைசிவரை திருகினால், அகலக் கோணத்தில் ஓரங்களிலிருந்து சாய்வாக வரும் ஒளி ஒரே அளவாகத் தடைபடாது. அதுதான் குறுக்கே தெரிகிறது. நல்ல தயாரிப்புகளில் அந்த இடம் வருவதற்கு முன்பே திருகு நின்றுவிடும். உங்களுடையதை 35 மி.மீ.க்கு மேல் ஜூம் செய்து, பாதித் திருகில் நிறுத்திப் பாருங்கள். ஓரளவு உதவும்.

அதற்காகக் கடைக்காரரை விட்டுவிடச் சொல்லவில்லை. 400 என்று போட்டு விற்றால் 400 வரை, அதாவது ஒளியை 400-ல் ஒரு பங்காகக் குறைக்கும் வரை, வேலை செய்ய வேண்டும். வீட்டில் வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்வு), எஃப் எண் (லென்ஸ் துவாரத்தின் அளவு) இரண்டையும் மாற்றாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் நேரம் 1/60 வினாடி சரியாக வந்தால், 400-ல் ஏறக்குறைய ஆறேமுக்கால் வினாடி வர வேண்டும். 400-ஐ எட்டுவதற்கு முன்பே பெருக்கல் குறி விழுந்தால் படங்களையும் அட்டைப் பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அப்படியும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். பொருளில் குறை இல்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை என்றால் இந்த வழி செல்லாது.

சரி, அடுத்து என்ன வாங்கலாம்? என் ஓட்டு கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடுக்கு. ஃபில்டர் அப்புறம். வெயில் ஏறுமுன் மரநிழலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/11 வைத்தால் கால் வினாடி ஷட்டர் நேரம் பெரும்பாலும் தானாகவே கிடைக்கும். தண்ணீர் இழைய அதுவே போதும். கையில் பிடித்து எடுத்தால் பாறையும் சேர்ந்து இழைந்துவிடும். எஃப்/22 வரை போகாதீர்கள், படம் முழுக்க மந்தமாகும்.

டிரைபாடைக் கடையிலேயே முழுதாக விரித்து, கேமராவை மாட்டி, மேலே லேசாகத் தட்டுங்கள். திரையில் தெரியும் காட்சி ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தினால்தான் உயரம் கிடைக்கும் என்றாலும் வேண்டாம். எடுக்கும்போது லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு, 2 வினாடி டைமர் வையுங்கள்.

நண்பகலிலும் எடுக்க வேண்டுமென்றால் திருகாத, ஒற்றைக் கண்ணாடி என்.டி. 64 ஒன்று போதும். நல்ல வெயிலில் எஃப்/16, 1/100 வினாடி வரும் இடத்தில் அது முக்கால் வினாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். என்.டி. 1000 அதே இடத்தில் 10 வினாடி. கடலுக்கும் மேகத்துக்கும் அழகு. அருவி அதில் வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி ஆகிவிடும் என்பது என் அபிப்பிராயம். லென்ஸின் முன்பக்கம் 55 அல்லது 58 என்று விட்டம் எழுதியிருக்கும். இருந்தாலும் 67 அளவில் வாங்கி, இடையில் சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொண்டால் நாளைக்கு லென்ஸ் மாறினாலும் ஃபில்டர் வீணாகாது. இருட்டு ஃபில்டர் வழியாக ஃபோகஸ் தடுமாறும். முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஐந்தருவியில் சீசன் சாரல் இரண்டு நிமிடத்தில் கண்ணாடியை நனைத்துவிடும். துடைக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டித் துண்டு இரண்டு பையில் இருக்கட்டும்.