தையலைக் குறை சொல்வதற்கு முன்

வணக்கம். பழைய நோட்டுத் தாள்களை மிக்ஸியில் அரைத்து, சட்டத்தில் அள்ளி 20 தாள் எடுத்தேன். நாலு நாலாக மடித்து 5 கத்தையாகத் தைத்து, அதே தாளை அட்டைமேல் ஒட்டி ஒரு நாட்குறிப்பு செய்தேன். பவுண்டன் பேனாவில் எழுதினால் மை படர்கிறது. உள்மடிப்பை நூல் அறுத்துவிட்டது. மேலட்டையின் ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. என் தையல் சரியில்லையா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தையலை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்றில் இரண்டு சிக்கல் தாள் செய்யும்போதே வந்துவிட்டவை.

மை படரக் காரணம், தாளில் பசையேற்றம் (மை ஊறிப் பரவாதபடி தாளுக்குப் பசை ஊட்டுவது) இல்லாதது. நோட்டுத் தாளில் ஆலையில் சேர்த்த பசையின் பலன், மறுபடி அரைத்தால் பெரும்பாலும் போய்விடும். அரபுக் காகிதங்களுக்குக் கஞ்சி போட்டார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே விலங்குத் தோல் பசைக்கு மாறினார்கள். வீட்டில் ஜெலட்டின் போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம். குளிர்ந்த நீரில் அரைமணி ஊறவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே, 50 டிகிரி அளவில் கரையுங்கள். கொதித்தால் பசையின் வலு குறையும். நன்றாகக் காய்ந்து ஒரு வாரமாவது ஆன தாளையே முக்க வேண்டும். பசையேறாத தாள் நனைந்தால் தன் எடையிலேயே கிழியும். எனவே கொசுவலைத் துண்டின்மேல் வைத்து இறக்கி, வலையோடு தூக்குங்கள். பிறகு துணிகளுக்கிடையே அழுத்திக் காயவிடலாம்.

மடிப்பு அறுந்ததற்கு நார்தான் முதல் காரணம். மறுசுழற்சித் தாளின் நார் ஏற்கெனவே குட்டை. ஒருமுறை காய்ந்த நார் முன்போல் ஊறி ஒன்றோடொன்று பிணையவும் செய்யாது. மிக்ஸியை நிற்காமல் ஓட்டினால் மிச்ச நீளமும் போகும். தாளைக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். ஒரு கைப்பிடிக்கு 1 லிட்டர் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரை நிமிடம் ஓட்டினால் போதும். இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்துத் துணுக்கு தெரிந்தால் தெரியட்டும், அதற்காக இன்னும் அரைக்காதீர்கள். கூழில் கால்பங்கு அபாகா சேர்த்தால் தாளின் குணமே மாறும். அது ஒரு வாழை இனத்தின் நீள நார். அரைகுறையாகப் பதப்படுத்திய தகடாகக் கிடைக்கும்.

இனி தையல். கைத்தாள் தடிமன் என்பதால் கத்தைக்கு 3 தாள் போதும். நாலாவது தாள் உள்மடிப்பை வெளியே தள்ளும். துளை ஊசியின் பருமனுக்கு மேல் போகக்கூடாது. நூலை இழுக்கும் திசைதான் பலரும் கவனிக்காதது. உங்களை நோக்கியோ மேல்நோக்கியோ இழுத்தால் நூல் தாளை ரம்பம்போல் அறுக்கும். புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, தையல் போகும் திசையிலேயே இழுங்கள். மெழுகிட்ட லினன் நூல் நல்லது. மெல்லிய தையல் நூல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கத்தையின் உள்மடிப்பிலும் 2 செ.மீ. அகலத்தில், உறுதியான மெல்லிய தாள்பட்டை ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்தால் இழுவிசையை அது தாங்கும்.

அட்டை விஷயம் சுலபம். பசையில் நனைந்து விரிந்த தாள், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. உட்புறத்திலும் அதே தாளை ஒட்டினால் எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன்செய்யும். அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள்; எளிதாக வளையும் மடிப்புக்கோடு முதுகுக்கு இணையாக அமைய வேண்டும். ஒட்டியதும் உறிஞ்சுதாள்களுக்கிடையே வைத்து எடை ஏற்றுங்கள். முதல் சில மணி நேரத்தில் ஈரத்தாளை இரண்டு மூன்று முறையாவது மாற்றுங்கள்.

கையிலிருக்கும் நாட்குறிப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பிரித்து, மடிப்பு அறுந்த தாள்களை அகல விரித்து ஜெலட்டினில் முக்குங்கள். மை ஏற்கெனவே ஏறிய பக்கங்களை மட்டும் முக்காதீர்கள். பெரும்பாலான பேனா மை கரைந்துவிடும். அறுந்த மடிப்பில் மெல்லிய பட்டையை ஒட்டி, புதிய துளைகளைப் பழையவற்றிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி இடுங்கள்.